இரண்டாவது கையெழுத்து

பள்ளிக்கூடத்தில் கொடுத்த படிவத்தில், அப்பாவின் வேலை என்று கேட்டிருந்த இடத்தில் 'அணுமின் நிலையத்தில் இன்ஜினியர்' என்று எழுதி வைத்திருந்தாய் பாப்பா. நான் அதை அடித்துவிட்டு 'ஆபரேட்டர்' என்று எழுதச் சொன்னேன். உன் தம்பி நடுவில் புகுந்து, "வால்வு திருப்பறவருன்னு எழுது, அப்பத்தான் புரியும்" என்றான். அவன் முதுகில் ஒன்று வைத்தாய். அப்புறம் என் பக்கம் திரும்பி நீ கேட்டதுதான் இத்தனை நாளாக எனக்குள் கிடக்கிறது.

"தீர்த்தமலை மாமாவும் உன் கூடத்தானப்பா சேந்தாரு. அவங்க எல்லாரும் அங்க குவார்ட்டர்ஸ்ல ஒண்ணா இருக்காங்க. நாங்க மட்டும் ஏன் இண்டூர்லயும் நீ அங்கயுமா கெடக்கறோம்?"

அன்றைக்கு நான் மூன்று பஸ் மாறி வேலைக்குப் போக வேண்டியிருந்தது. எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டேன். எழுத உட்கார்ந்தால் ஷிப்ட் முடிந்த உடம்பு கேட்பதில்லை. ஒரு நாளைக்கு அரைப் பக்கம்தான் ஓடுகிறது. எனக்குப் படிப்பு பத்தாவதும் ஐ.டி.ஐ.யும்தான். அதனால் சுற்றி வளைக்காமல் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தம்பிக்கும் படித்துக் காட்டு.

முதலில் எங்கள் வேலைப் பயிற்சி என்னவென்று சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மீதி புரியாது.

அணு உலையில் சேரும் ஆளை முதல் நாளே உள்ளே விட்டு வால்வைத் தொடு என்று சொல்ல மாட்டார்கள். மாதக்கணக்கில் வகுப்பு. அந்த வகுப்பில் எங்கள் மண்டையில் ஏற்றிய முதல் விஷயம் இதுதான்: உலையை நிறுத்தினாலும் சூடு நிற்காது. அம்மா களி கிண்டி அடுப்பை அணைத்து இறக்கி வைத்த பிறகும், மேலே ஆறின மாதிரி இருக்கும், உள்ளே விரலை விட்டால் சுட்டுவிடும் அல்லவா, அது மாதிரி. ஆனால் களி ஒரு மணி நேரத்தில் ஆறிவிடும். உலைக்குள் இருக்கும் எரிபொருள் நாள்கணக்கில், மாதக்கணக்கில் சூட்டை விட்டுக்கொண்டே இருக்கும். அதற்குத் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு பம்பு நின்றால் இன்னொன்று. கரண்ட் போனால் டீசல் என்ஜின். அந்த என்ஜின் கிளம்பாவிட்டால் வேறு கட்டடத்தில், வேறு பாதையில், இன்னொரு என்ஜின். கட்டும்போதே அப்படி யோசித்துத்தான் கட்டியிருக்கிறார்கள். ஒரு இடத்தில் தீப்பிடித்தால் இரண்டும் சேர்ந்து போகக் கூடாது என்று நடுவில் கனமான சுவர்.

வாத்தியார் எதைச் சொன்னாலும் கடைசியில், "செரி, அதுவும் போனா?" என்று கேட்பார். பதில் சொன்னால் திரும்பவும், "அதுவும் போனா?" நான் லீவில் வந்து வீட்டிலும் அப்படியே பேச ஆரம்பித்தேன். உங்கள் அம்மா ஏழரை பஸ்ஸுக்குக் கிளம்பினால், அது போனா, அதுக்கு அடுத்ததும் போனா என்று கேட்பேன். ஒரு நாள் அவள், "போனா நடந்து போறேன், ஆள விடுங்க" என்றாள்.

வகுப்புக்கு அப்புறம் லைன் பிடிப்பது. வரைபடத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஒரு குழாய் தொட்டியில் தொடங்கி எந்தச் சுவருக்குள் போகிறது, எந்த மாடியில் வெளியே வருகிறது, எத்தனை வால்வு என்று கையால் தடவிக்கொண்டே போக வேண்டும். பிறகு பார்க்காமல் நோட்டில் வரைந்து காட்ட வேண்டும். காதை அடைக்கும் சத்தம், வேர்வையில் ஒட்டும் உடுப்பு. ஒவ்வொரு லைனுக்கும் மேலதிகாரிகள் கேள்வி கேட்டு அந்த நோட்டில் கையெழுத்துப் போடுவார்கள். நானும் தீர்த்தமலை மாமாவும் ஜோடி. ஒரே மாவட்டம் என்று நாங்களாகவே ஒட்டிக்கொண்டோம். அவனை நான் பங்காளி என்பேன், அவனும் என்னைப் பங்காளி என்பான். அப்படியே நிலைத்துவிட்டது.

அந்தப் பயிற்சியில் எங்களுக்குத் தொண்டைக்குள் இறங்காத ஒரு விதி இருந்தது. முக்கியமான லைனில் வால்வுகளைச் சரியான நிலையில் வைத்த பிறகு, ஒரு பட்டியலில் முதல் ஆள் கையெழுத்துப் போடுவான். அப்புறம் இரண்டாவது ஆள் ஒருவன் போக வேண்டும். முதல் ஆளோடு சேர்ந்து போகக் கூடாது. அவனிடம் கேட்கவும் கூடாது. தனியாகப் போய், ஒவ்வொரு வால்விலும் தொங்கும் தகட்டில் நம்பரைப் படித்து, கையால் தொட்டு, திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்று பார்த்து, அப்புறம்தான் இரண்டாவது கையெழுத்து. முதல் ஆள் பார்க்கவே இல்லை என்று நினைத்துக்கொண்டு பார் என்பார்கள்.

நம் பக்கத்தில் ஒருவர் செய்ததை இன்னொருவர் போய்ச் சரிபார்த்தால் அது அவமானப்படுத்துவது. கல்யாணத்துக்கு முன்னால் ஒரு நாள், என் அண்ணன் மோட்டாரை நிறுத்திவிட்டு வந்த பிறகு நான் சும்மா போய் எட்டிப் பார்த்தேன். அதற்கு ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. 'நான் நிறுத்துனத நீ வந்து நிறுத்துவியா' என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அப்படி வளர்ந்த எங்கள் இரண்டு பேருக்கும் இந்த விதி கூச்சமாக இருந்தது. ஆரம்பத்தில் தனித்தனியாகத்தான் போனோம். பிறகு சேர்ந்து போனோம். பிறகு நான் பாதி, அவன் பாதி. கடைசியில் கேன்டீனில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டோம். "நீ பாத்தா நான் பாத்த மாதிரிதான் பங்காளி" என்பான். சோம்பேறித்தனம் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. நம்பிக்கை என்று நினைத்துக்கொண்டோம். நட்புக்கு மரியாதை செய்கிறோம் என்று கூட.

இப்படியே குழாய் வால்வு பார்த்து நடக்கும் வெளி வேலையில் பல வருடங்கள் ஓடின. அப்புறம் கன்ட்ரோல் ரூமில் உட்காருவதற்கான தேர்வுக்கு எங்கள் இரண்டு பேரையும் எடுத்தார்கள். அதில் தேறியவர்களுக்குக் குடும்பத்தோடு இருக்கக் குவார்ட்டர்ஸ் முதலில் கிடைக்கும். வெளியே நடக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு நாலு பேருக்கு ஒரு அறை. எனக்கு ஆசையெல்லாம் அந்த வீடுதான். உனக்கு அப்போது ஏழு வயது, தம்பி எல்.கே.ஜி. மாதத்துக்கு இரண்டு தடவை நான் வந்தால் தம்பி முதல் நாள் முழுக்க என்னிடம் வர மாட்டான். இரண்டாம் நாள் வருவான். மூன்றாம் நாள் நான் பஸ் ஏறிவிடுவேன்.

எழுத்துத் தேர்வு தேறினோம். அப்புறம் கன்ட்ரோல் ரூமைப் போலவே கட்டி வைத்திருக்கும் பயிற்சி அறை. முள், விளக்கு, மணி எல்லாம் நிஜம் மாதிரியே இருக்கும். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவர் உட்கார்ந்து கம்ப்யூட்டரில் கோளாறு கொடுப்பார், நாங்கள் சமாளிக்க வேண்டும். ஒரு நாள் அவர் எந்தக் கோளாறும் கொடுக்கவில்லை. ஏதோ வரப்போகிறது என்று பயந்து நாங்களே ஒரு பம்பை மாற்றப் போய், அதில் ஒன்று கெட்டு, அதைச் சரி செய்யப் போய் இன்னொன்று. கடைசியில் உலை தானாக நின்றுவிட்டது. அவர் வெளியே வந்து, நான் இன்னிக்கி ஒண்ணுமே பண்ணலப்பா என்றார்.  ஆனாலும் முடிவில் அதையும் தேறினோம்.

மிச்சம் இருந்தது நேர்முகத் தேர்வு ஒன்றுதான், போர்டு என்போம். ஐந்து பேர் எதிரில் உட்கார்ந்து அரை நாள் கேள்வி கேட்பார்கள். அதற்குப் படிக்கப் பத்து நாள் லீவு கொடுத்தார்கள். லீவுக்குக் கிளம்பும் காலையில் ஒரு பட்டியல் வந்தது. அவசரத்துக்கென்று தயாராக நிற்கும் ஒரு பம்பின் தண்ணீர் லைன். முப்பத்திரண்டு வால்வு. பங்காளி முதல் ஆள், நான் இரண்டாவது ஆள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது. அவன் கையெழுத்துக்குப் பக்கத்தில் என் கையெழுத்தைப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

வீட்டில் உங்கள் அம்மாதான் எனக்குக் கேள்வி கேட்கும் ஆள். அவள் பன்னிரண்டாவது படித்தவள், என்னைவிட இங்கிலீஷ் நன்றாகப் படிப்பாள். அதியமான்கோட்டைக்குப் பக்கத்தில் தையல் கம்பெனி. சனிக்கிழமை மத்தியானம் வந்து, கை கால் கழுவி, என் நோட்டை எடுத்துக்கொண்டு உட்காருவாள். நீ நாற்காலியில் ஏறி நின்றுகொண்டு, ஒவ்வொரு பதிலுக்கும் "அதுவும் போனா?" என்று கேட்பாய். அந்தக் கேள்விகளில் ஒன்று, இரண்டாவது ஆள் எதற்கு என்பது. நான் மனப்பாடமாகச் சொன்னேன்: முதல் ஆள் மேல் சந்தேகத்தால் அல்ல, மனிதன் என்றால் கண் தவறும், இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தால் ஒரே இடத்தில் இரண்டு பேர் கண்ணும் தவறுவது அபூர்வம்.

அவள் நோட்டில் விரலை வைத்தபடியே, "நீங்க எப்பவும் தனியாப் போய்ப் பாப்பீங்களா?" என்றாள்.

நான் தண்ணீர் கேட்டேன். அவளும் அடுத்த கேள்விக்குப் போய்விட்டாள். எனக்கு அதற்கப்புறம் ஒரு பதிலும் ஒழுங்காக வரவில்லை. முப்பத்திரண்டில் கடைசி வால்வு உயரத்தில் இருக்கிறது. ஏணி வைத்து ஏற வேண்டும். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சில் பூசைக்கு முன்னால் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனம் செய்தேன். பொய்க் கையெழுத்துப் போட்டேன் சாமி, நிறைய நாளாகப் போடுகிறேன் என்றேன். யாருக்காவது தீங்கு வந்ததா என்று சாமியார் கேட்டார். இல்லீங்க சாமி என்றேன். செபம் சொல்லச் சொல்லி மன்னிப்புக் கொடுத்தார். உண்மையாகவே பாரம் இறங்கின மாதிரி இருந்தது. வண்டியில் திரும்பும்போது உங்கள் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நீ முன்னால் நின்றுகொண்டிருந்தாய், தம்பி நடுவில் தூங்கிவிட்டான். அவள் அவன் தலையைத் தோளில் சாய்த்துப் பிடித்துக்கொண்டாள்.

பிறகு, "சாமியார்கிட்ட சொன்னது செரிங்க. அந்த வால்வ யாரு போய்ப் பாப்பாங்க?" என்றாள்.

அது தெரிந்தால் நேர்முகத் தேர்வு போய்விடும், வீடு போய்விடும் என்றேன். "தெரியுதுங்க" என்றாள். 

வீட்டுக்கு வந்து பங்காளிக்குப் போன் போட்டேன். அவனும் லீவில் தீர்த்தமலையில்தான் இருந்தான். மலைக்கு வந்த வேன்களின் ஹாரன் சத்தம் போனில் கேட்டது. சுற்றி வளைக்காமல் கேட்டேன்.

"பங்காளி, அந்த ஏணி வெச்சு ஏறற வால்வு. ஏறிப் பாத்தியா?"

ஹாரன் சத்தத்துக்குத் தள்ளிப் போய்ப் பேசினான்.

"ஏணிய வேற ஆளுங்க எடுத்துட்டுப் போயிட்டாங்க. நீதான் ரெண்டாவது ஆளு, எப்படியும் பாப்பேன்னு வுட்டுட்டேன்."

"நான் உன் கையெழுத்தப் பாத்துத்தான் போட்டேன்."

"மீதி முப்பத்தொண்ணும் தொட்டுப் பாத்தேன் பங்காளி. அது எப்பவும் தெறந்துதான் கெடக்கும். அத எவன் ஏறி மூடப் போறான்? போர்டு முடியட்டும், நானே ஏறிப் பாக்கறேன்."

"அதுக்குள்ள அந்த பம்பு வேணும்னு ஆயிட்டா?"

"இன்னொரு பம்பு இருக்குது."

"அதுவும் போனா?"

நான் வேண்டுமென்று கேட்கவில்லை, பழக்கத்தில் வந்துவிட்டது. அவன், "உனக்கு மட்டுமில்ல, எனக்கும் பொண்டாட்டி புள்ள இருக்குது" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டான்.

அவன் சொன்னது நியாயம்தான். ஒரே தாளில் இரண்டு கையெழுத்து. நான் வாயைத் திறந்தால் அவனும் மாட்டுவான். ஆனால் நான் கண்டுகொண்டது வேறொன்று. நான் பார்ப்பேன் என்று அவன் விட்டான், அவன் பார்த்திருப்பான் என்று நான் விட்டேன். ஒரே ஆளை விட்டிருந்தால், வேறு யாரும் பார்க்கப் போவதில்லை என்று தெரிந்து ஏறியிருப்பான். இரண்டு பேர் இருந்ததால் ஒருவர் கூட ஏறவில்லை. இத்தனை வருடம் படித்ததில் இது எனக்கு ஏறவே இல்லை.

வீட்டுக்குப் பின்னால் கிணற்று மேட்டில்தான் சிக்னல் சரியாகக் கிடைக்கும். அங்கே நின்று நிலையத்துக்குப் போன் செய்தேன். ஷிப்ட் பொறுப்பில் இருந்தவர் எடுத்தார். நான் சொல்லச் சொல்ல அவர் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். பட்டியல் நம்பர் கேட்டார், வால்வு நம்பர் கேட்டார், இரண்டையும் திருப்பிச் சொல்லிச் சரியா என்றார். எங்கிருந்து பேசுகிறீர்கள் என்றார். தர்மபுரி சார், லீவில் இருக்கிறேன் என்றேன். "போன பக்கத்துல வெச்சிருங்க" என்றார். அவ்வளவுதான்.

உங்கள் அம்மா சோறு போட்டாள். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குழம்பு. நீங்கள் இரண்டு பேரும் ஈரலுக்குச் சண்டை போட்டீர்கள். நான் சட்டைப்பையில் போனை வைத்துக்கொண்டு பிசைந்துகொண்டே இருந்தேன். முக்கால் மணி நேரம் கழித்துக் கூப்பிட்டார்கள்.

"தெறந்துதான் இருக்கு. ரெண்டு பேரு தனித்தனியா ஏறிப் பாத்தாச்சு. டூட்டிக்கு வந்ததும் நடந்தத எழுதிக் குடுங்க."

சந்தோஷம் வரவில்லை பாப்பா. உட்கார்ந்த இடத்திலேயே சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டேன். அந்த வால்வு மூடியிருந்திருந்தால், ஒரு பெரிய தப்பைத் தடுத்தோம் என்று சொல்லிக்கொள்ளவாவது இருந்திருக்கும். சரியாக இருந்த ஒரு வால்வுக்காக நான் குவார்ட்டர்ஸ் வீட்டைக் கைவிட்டேன். எழுந்ததும் முதலில் தோன்றியது அதுதான். வெகுநாள் வரை அதுவே தோன்றிக்கொண்டிருந்தது.

எழுதிக் கொடுத்தோம். தண்டனை என்று எதுவும் இல்லை. நீங்களாகவே சொன்னது நல்லது என்றுகூடச் சொன்னார்கள். ஆனால் நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றிக் கையெழுத்துப் போட்ட பட்டியல்களையெல்லாம் எடுத்து, ஆட்களை அனுப்பித் திரும்பப் பார்த்தார்கள். அந்த ஆட்கள் எங்கள் கூட இருந்தவர்கள்தான். எங்கள் முன்னால் ஏணியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். நேர்முகத் தேர்வு எங்கள் இரண்டு பேருக்கும் ஒரு வருடம் தள்ளிப்போனது. கையெழுத்து நோட்டை முதல் பக்கத்திலிருந்து திரும்பத் தொடங்கச் சொன்னார்கள். அந்த வயதில் திரும்பவும் படத்தைப் பிடித்துக்கொண்டு குழாயைத் தடவிக்கொண்டு நடந்தோம். தனித்தனியாக. பங்காளி என்னோடு பேசுவதை நிறுத்தியிருந்தான். ஒரே அறையில் கட்டில்கள் பக்கத்தில் பக்கத்தில் கிடந்தன. அவன் சுவரைப் பார்த்துப் படுப்பான்.

அடுத்த வருடம் அவன் தேறிவிட்டான். நான் தேறவில்லை. அதற்கும் கையெழுத்துக்கும் சம்பந்தம் கிடையாது. ஐந்து பேர் முன்னால் உட்கார்ந்தேன், டீசல் என்ஜின் எத்தனை நொடிக்குள் கிளம்ப வேண்டும் என்று கேட்டார்கள். நீ நாற்காலியில் நின்று கேட்டிருந்தால் தூக்கத்தில்கூடச் சொல்லியிருப்பேன். அங்கே வரவில்லை. ஒன்று வராமல் போனதும் மீதியும் வரவில்லை. இன்னொரு தடவை வரலாம் என்றார்கள். எனக்குத் தெம்பு இல்லை. இதை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை. அந்த இரண்டாவது தடவை நான் போயிருந்தால் நாம் நாலு பேரும் இன்று ஒரே இடத்தில் இருந்திருப்போமோ என்னவோ.

தீர்த்தமலை மாமா அவன் பெரிய மகள் சடங்குக்குப் பத்திரிகை வைக்க வந்தபோதுதான் திரும்பப் பேச ஆரம்பித்தான். அப்போதும் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது அவன் கன்ட்ரோல் ரூமில் இருக்கும் ஷிப்டில் நான் வெளியே நடக்கிறேன். வாக்கிடாக்கியில் அவன் வால்வு நம்பரைச் சொல்வான், நான் திருப்பிச் சொல்வேன். நான் முடித்ததும் வேறொருவனைத் தனியாக அனுப்புவான். புதிதாக வந்தவர்கள், அண்ணன் பார்த்தால் போதாதா என்று என் முகத்துக்காகச் சொல்வார்கள். போய்ப் பார் என்று நானே அனுப்பி வைப்பேன். முட்டி வலி இருந்தாலும் ஏணி வைக்கிற இடத்தில் ஏறிவிடுகிறேன்.

போன லீவில், இதை எழுதிக்கொண்டிருக்கும்போது, உங்கள் அம்மாவிடம் கேட்டேன். அன்றைக்கு அந்தக் கேள்வியைக் கேட்கும்போது உனக்கு ஏதாவது சந்தேகம் இருந்ததா என்று.

அவள், "எனக்கென்னங்க தெரியும். பேச்சுக்குக் கேட்டேன்" என்றாள். வாசலில் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. டிபன் டப்பாவை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.